அடுப்பும் அட்டையும்: உணவு உதவியில் தகுதி விதிகளின் வரலாறு

திருவள்ளூர் இரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரில், பல குடித்தனங்களாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் மிகுதி. அத்தகைய ஒரு வீட்டில் குடியிருப்போரின் குடும்ப அட்டைகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வாதத்தின் தடங்களை அவற்றில் காணலாம். ஓர் அட்டையில் ‘பி.எச்.எச்.’ என்ற எழுத்துகள் இருக்கும்; அது முன்னுரிமைக் குடும்பத்தின் அட்டை. அடுத்த குடித்தனத்தின் அட்டையில் ‘என்.பி.எச்.எச்.’ என்றிருக்கும், அது முன்னுரிமையற்ற குடும்பத்தினுடையது. எனினும் இரு குடும்பங்களும் ஒரே நியாயவிலைக் கடையில் விலையின்றி அரிசி பெறுகின்றன. மூன்றாவது குடித்தனத்தாரின் அட்டை வந்தவாசி அல்லது ஆரணிப் பக்கத்துக் கிராம முகவரியிலேயே நின்றுவிட்டது. மாடி அறையில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களிடம் அட்டை இருந்தால் அது சொந்த ஊரில், மனைவியின் கையில் இருக்கும்.

காக்களூர் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஆள்களைத் தந்துகொண்டிருக்கும் இந்த வட்டாரத்தில், ‘யாருக்கு உணவு வழங்குவது, எந்த ஆதாரத்தின்பேரில் வழங்குவது’ என்ற வினா ஏட்டளவில் நிற்பதன்று. மாதந்தோறும் கடை வாசலில் எழுவது. அவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளை நோக்குவது பயனுடையது.

சென்னை இராயபுரத்து மணியக்காரர் சத்திரம் 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கியது. அச்சத்திரத்தின் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையை மூத்தோர் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தனர். பசித்து வந்தவர் என்பதே அங்கே போதுமான தகுதியாக இருந்தது. ஆனால் சிறிது காலத்திற்குள் ஆட்சியாளரின் எண்ணம் வேறு திசையில் சென்றது. உதவி பெறுபவனின் நிலை, உழைத்துண்ணும் மிக எளிய தொழிலாளியின் நிலையைவிடத் தாழ்ந்ததாக இருக்க வேண்டும். இல்லையேல் மக்கள் சோம்பிவிடுவர் என்பது 1834-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஏழையர் சட்டத்தின் உட்கருத்து. அக்கருத்து கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் அதன் விளைவு வெளிப்பட்டது. 1877-இன் தொடக்கத்தில் இந்திய அரசின் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணிகளின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அடிப்படைக்குக் குறைத்தார். உடல்வலிமை உள்ளவர் வேலை செய்தே உதவி பெற வேண்டும். அவ்வேலைக்கு உடன்படுவதே அவர் உண்மையில் பட்டினி கிடப்பவர் என்பதற்குச் சான்று. மண் சுமக்க ஒப்பாதவன் பசியற்றவன் என்பது கணக்கு. மண் சுமக்கவே இயலாத அளவுக்கு மெலிந்துபோனவன் எந்தக் கணக்கில் வருவான் என்பதை இவ்விதி எளிதில் காணவில்லை. மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், அந்த உணவைக் கொண்டு உழைக்கும் உடல் நிலைக்காது என்று விடாமல் வாதிட்டார். அவ்வாண்டு நடுவில் கூலி மீண்டும் உயர்த்தப்பட்டது. அதற்குள் இழப்பு நேர்ந்துவிட்டிருந்தது. சென்னை நகரில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே. பழவேற்காடு வழியே வடக்கு நோக்கிச் செல்லும் அந்நீர்வழியை இன்று காண்போருக்கு, அதன் ஒரு பகுதி தகுதித் தேர்வாக வெட்டப்பட்டது என்பது தோன்றாது.

அடுத்த பெரிய மாற்றம் இரண்டாம் உலகப் போரால் வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. 1943-இல் வங்காளத்தில் நேர்ந்த பஞ்சம் அரசை அச்சுறுத்தியது. நகரங்களில் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. இம்முறையில் ஏழை, செல்வர் என்ற பாகுபாடு இல்லை என்பதைக் கருத வேண்டும். மாளிகையில் வாழ்ந்தவருக்கும் அட்டை. அவர் வீட்டுப் பணியாளருக்கும் அட்டை. ஊரில் அரிசி குறைவு, எனவே ஆளுக்கு இவ்வளவு என்பதே ஏற்பாடு. இன்றுவரை ‘ரேஷன்’ என்ற சொல் நம் வீடுகளில் வழங்குவது அக்காலத்தின் எச்சம். 1952 ஏப்ரலில் முதலமைச்சரான இராஜாஜி, ஜூன் மாதத்திலேயே உணவுக் கட்டுப்பாடுகளை விலக்கினார். அப்போது பலர் அஞ்சினர். பின்னர் பலர் பாராட்டினர்.

ஆயினும் பற்றாக்குறை நீங்கவில்லை. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் உருவானபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. 1967 தேர்தலில் அரிசியே பேசுபொருள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற இலக்கை முன்வைத்து ஆட்சிக்கு வந்த அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில் சென்னையிலும் கோவையிலும் திட்டத்தைத் தொடங்கினார். நிதிச்சுமை அதனை மாநிலமெங்கும் விரிக்க இடந்தரவில்லை. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றிய பின்னரே கொள்முதலும் வழங்கலும் ஒரு கையில் சேர்ந்து, நியாயவிலைக் கடைகள் கிராமங்களுக்குள் பரவின.

இவ்வாறு பரவிய முறையில் தகுதியின் அளவுகோலாக நிலைபெற்றது வருமானம் அன்று, அடுப்பு. ஒரே கூரையின் கீழ் இருவர் வாழலாம். தனித்தனியே சமைத்தால் அவர்கள் இரு குடும்பங்கள். தமிழ்நாட்டில் குடியிருக்க வேண்டும், தனியாகச் சமைத்து வாழ வேண்டும், வேறெந்த அட்டையிலும் பெயர் இருத்தல் கூடாது என்பனவே அடிப்படை நிபந்தனைகள். விண்ணப்பித்தவர் வீட்டுக்கு ஆய்வுக்கு வரும் அலுவலர், சமையலறையைப் பார்த்துச் செல்லும் வழக்கம் இதிலிருந்து வந்தது. திருமணமான மகனுக்குத் தனி அட்டை வேண்டுமெனில், பெற்றோர் அட்டையிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டு, தனி அடுப்பைக் காட்ட வேண்டும். மாமியாரும் மருமகளும் மனம் ஒத்து ஓரடுப்பில் சமைத்தால் அரசின் பார்வையில் அது ஒரு குடும்பமே. பிணங்கிப் பிரிந்தால் இரண்டு! கூட்டுக் குடும்பத்தின் ஒற்றுமைக்கு இவ்விதி தந்த பரிசு இதுதானா என்று சிரிப்பவர் உண்டு. எனினும் இவ்வளவுகோலுக்கு ஒரு பெருமை உண்டு. அடுப்பு கண்ணுக்குத் தெரியும். வருமானம் தெரியாது. கூலிவேலை செய்பவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. சிறு வணிகரின் வரவு மாதத்துக்கு மாதம் மாறும். தெரியாத ஒன்றை அளக்கப் புகுந்தால், அளப்பவர் கையில் அதிகாரம் குவியும்.

அளக்கும் முயற்சி 1997-இல் வந்தது. செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமானதும் அவ்வாண்டிலேதான். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு ‘இலக்கு நோக்கிய பொது விநியோக முறை’யைக் கொணர்ந்து, நாட்டு மக்களை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என இரு கூறாக்கியது. மானியம் கீழே உள்ளோர்க்கு. பெரும்பாலான மாநிலங்கள் அவ்வழியே சென்றன. தமிழ்நாடு செல்லவில்லை; மத்திய அரசு தரும் அளவுக்கு மேல் ஆகும் செலவைத் தன் கருவூலத்திலிருந்து ஏற்று, வேண்டுவோர் அனைவருக்கும் அரிசி என்ற நிலையைத் தொடர்ந்தது.

பிரித்ததன் பலன் விரைவில் தெரிந்தது. கோட்டுக்கு மேலுள்ளோரின் விலை ஏற்றப்பட்டதும் அவர்கள் கடைக்கு வருவது குறைந்தது. கோட்டுக்குக் கீழ் இருந்தும் பட்டியலில் இடம்பெறாதோர் வாங்க வழியின்றி நின்றனர். 2002 வாக்கில் அரசுக் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கு மேல் தானியம் குவிந்துகிடந்தது. அதே காலத்தில் பட்டினிச் சாவுச் செய்திகள் வந்தன. இம்முரண்பாட்டைக் காட்டி 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில்தான், பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. காமராசர் காலத்தில் 1956-இலேயே மதிய உணவைத் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரித்த தமிழ்நாட்டுக்கு அவ்வாணை புதிதாகத் தோன்றியிராது. பட்டியலின் பிழையோ நெடுநாள் நீடித்தது. ஏழைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் வறுமைக் கோட்டு அட்டை இல்லை என்பதை 2009-இல் என்.சி. சக்சேனா குழுவின் அறிக்கை எடுத்துரைத்தது.

இவ்விடத்தில் சமண மரபின் ஒரு பாகுபாடு நினைவுகூரத்தக்கது. ஒன்பதாம் நூற்றாண்டினரான ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம், கொடையைத் தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி என நால்வகைப்படுத்துகிறது. பாத்திரதத்தியில் பெறுபவரின் தகுதி நோக்கப்படும். முனிவர்க்கு அளிக்கும் ஆகாரம் அவ்வகையினது. அதற்கென முறையும் வரிசையும் உண்டு. தயாதத்தியிலோ பெறுபவரின் தகுதி வினாவப்படுவதில்லை. அஞ்சும் உயிர், வருந்தும் உயிர் என்பதே போதும். ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்னும் பழமொழியை முதல் வகைக்கு உரியதாகக் கொள்ளலாம். பசித்தவனுக்கு இடும் சோற்றுக்கு அதனைப் பொருத்தினால் வகை மாறிவிடும். 1997-இன் விதி செய்ததும் ஏறத்தாழ அதுவே. அரசுக்குக் கருவூலத்தின் அளவு என்றொரு கவலை உண்டு, அறம் செய்யும் இல்லறத்தாருக்கு அது அவ்வளவாக இல்லை என்ற வேறுபாட்டையும் மறந்துவிடலாகாது.

அந்தக் கவலை தமிழ்நாட்டையும் விடவில்லை. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் நிதி நெருக்கடியில் இருந்த மாநில அரசு, மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பங்களின் அட்டையில் ‘எச்’ முத்திரையிட்டு, அவர்களுக்கு அரிசியை நிறுத்தியது. ‘கௌரவ அட்டை’ என்று பெயர். பெயரில் இருந்த கௌரவத்தை மக்கள் விரும்பவில்லை. சற்றே மேலான சம்பளம் பெற்ற ஆலைத் தொழிலாளர்களும் கீழ்நிலை அரசு ஊழியர்களும் ஒரே நாளில் வரிசைக்கு வெளியே நின்றனர். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி மாநிலத்தின் 39 இடங்களிலும் தோற்றது. முடிவுகள் வந்த சில நாள்களிலேயே முதலமைச்சர் ஜெயலலிதா அம்முறையைத் திரும்பப் பெற்றார். தோல்விக்கு இதுவொன்றே காரணம் என்பது மிகை. ஆனால் அதற்குப் பின் எந்த அரசும் அரிசிக்கு வருமான வரம்பு விதிக்கத் துணியவில்லை. கிலோ 3.50 ரூபாயாக இருந்த அரிசி 2006-இல் 2 ரூபாயாகவும், 2008-இல் 1 ரூபாயாகவும் குறைந்து, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியாயிற்று.

வருமானத்தால் பிரிக்காத தமிழ்நாடு, விருப்பத்தால் பிரித்தது. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்போருக்குச் சர்க்கரை அட்டை. எதுவுமே வேண்டாம், முகவரிச் சான்றாக இருந்தால் போதும் என்போருக்குப் பொருளில்லா அட்டை. எந்த வரிசையில் நிற்பது என்பதைக் குடும்பமே தீர்மானித்துக்கொண்டது. புழுங்கலரிசியின் தரமும் வரிசையின் நீளமுமே பணமுடையோரைப் பெரும்பாலும் விலக்கி வைத்தன, விசாரணை தேவைப்படவில்லை. பொங்கல் பரிசு போன்ற ரொக்க உதவிகள் அட்டையோடு இணைந்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது. 2019 ஜனவரியில், 1,000 ரூபாய்ப் பொங்கல் பரிசை யாருக்கெல்லாம் தரலாம் என்பது உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வாண்டு நவம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசு வாய்ப்பளித்ததும் பலர் விண்ணப்பித்தனர். அரிசி வேண்டாதவரும் அரிசி அட்டை வேண்டினர்.

இதற்கிடையே 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஊரகத்தில் 75 விழுக்காடு வரையும் நகரத்தில் 50 விழுக்காடு வரையும் மக்களுக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். மிக வறிய அந்தியோதயா குடும்பங்களுக்கு 35 கிலோ. இவை நாடு தழுவிய அளவுகள். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை ஊரகத்தில் 62.55, நகரத்தில் 37.79 விழுக்காடு மட்டுமே. ஆள் கணக்கில் 364.70 இலட்சம். வறுமையைக் குறைத்த மாநிலத்துக்குப் பங்கும் குறைந்தது. நெடுநாள் தயங்கிய தமிழ்நாடு, 2016 நவம்பர் 1 முதல் சட்டத்தை ஏற்றது.

ஏற்றபின் முன்னுரிமைக் குடும்பம் எது, அல்லாதது எது என எழுத்தில் வரையறுக்க வேண்டியதாயிற்று. 2017 ஜூலையில் அரசிதழில் வெளிவந்த விதிகள் வருமான வரி, தொழில் வரி செலுத்துவோர், ஐந்து ஏக்கருக்கு மேல் நிலமுடையோர், நான்கு சக்கர வாகனமோ குளிர்சாதனக் கருவியோ வைத்திருப்போர், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளுள்ள காரை வீட்டினர், ஆண்டு வருமானம் 1 இலட்சம் ரூபாயைக் கடந்தோர் முதலானோரை முன்னுரிமைப் பட்டியலிலிருந்து விலக்கின. செய்தி பரவியதும் நியாயவிலைக் கடைகளில் ஒரே பதற்றம். பட்டியல் மத்திய அரசின் கணக்குக்காகவே, அரிசி அனைவருக்கும் தொடரும் என உணவு அமைச்சர் விளக்கம் அளித்த பின்னரே அடங்கியது. மணவாள நகர் அட்டைகளில் காணும் எழுத்து வேறுபாட்டின் கதை இதுவே: தில்லிக்கு இரு வகை; கடையில் பெரும்பாலும் ஒரு வகை.

இந்தப் பரந்த கைக்கு விலை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. வாங்கி உண்ணாதோரின் அரிசி கைமாறுகிறது. கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆந்திர எல்லை வழியே சாலையிலும் இரயிலிலும் கடத்தப்படுவது நாளிதழ் வாசிப்போர் அறிந்ததே. தகுதியற்றவர் பெறுவது ஒரு பிழை. தகுதியுடையவர் பெறாதுபோவது மற்றொரு பிழை. முன்னதைக் கடத்தல் தடுப்புக் காவலர் பிடிக்கலாம். பின்னதைப் பிடிக்க எவரும் இலர். விடுபட்டவர் பெரும்பாலும் புகார் எழுதுவதும் இல்லை.

2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் வேறு பாதையில் சென்றது. ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என வரம்புகள் வந்தன. 1 கோடியே 63 இலட்சம் பேர் விண்ணப்பித்ததில் 1 கோடியே 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வாயினர். ஓர் அட்டைக்கு ஒரு பெண் என்ற விதியால், புதிய அட்டை கேட்போரும் பெருகினர். பழைய அடுப்புக் கணக்கு புது வடிவில் மீண்டது.

அடுப்பை அளவுகோலாக்கிய முறை எவரைக் காணத் தவறியது? இடம்பெயர்ந்தவரை. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து வேலையின்பொருட்டுச் சென்னைப் புறநகர்களுக்கு வந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இதனை அறிவர். பெற்றோர் ஊரில், பிள்ளைகள் திருவள்ளூரில், அட்டை ஒன்று. வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுத்தால் முகவரியை மாற்ற வழியில்லை. 2020 அக்டோபர் 1-இல் கைரேகைப் பதிவோடு ‘ஒரே நாடு ஒரே அட்டை’ முறை தமிழ்நாட்டில் வந்தபின், மாநிலத்தின் எக்கடையிலும் பொருள் வாங்கலாம் என்றாயிற்று. ஆனால் வயலிலும் அடுப்படியிலும் தேய்ந்த முதியோரின் விரலை இயந்திரம் பல வேளை ஏற்பதில்லை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், 70 வயது கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டுக்கே கொண்டுசெல்ல முற்பட்டது.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் உண்டு. அங்குள்ளோர்க்கு முகாம் பதிவே தகுதி, ஏழ்மை வினாவப்படுவதில்லை. அதே கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் வேலை செய்யும் வடமாநிலத்தவர்க்கு, 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, எங்கிருந்தும் தம் பங்கைப் பெறும் வழியை எல்லா மாநிலங்களும் திறக்க வேண்டுமென்றது. ஆயினும் அவ்வழி தேசிய உணவுச் சட்டப் பட்டியலில் உள்ளோர்க்கே திறக்கும். சொந்த மாநிலப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இங்கும் இல்லை. தமிழ்நாட்டின் முன்னுரிமையற்ற அட்டையை வைத்திருப்பவர் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றாலும் அதே நிலைதான். அவருடைய அரிசி மாநில எல்லையோடு நின்றுவிடும்.

அப்பட்டியல்களின் எண்ணிக்கை 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. 2011-க்குப் பின் பிறந்த பிள்ளைகளும், அதன்பின் மணவாள நகரின் மாடியறைகளில் குடியேறியோரும் அந்த எண்ணிக்கைக்குள் வருவது அதற்குப் பிறகே.